மீன் என்ற சொல் இல்லாத கடிதம்

அனிவத்தை, கண்டி
4 யூன் 1984

ராஜலிங்கம் அறிவது,

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். சென்ற வருடம் யூலைக் கலவரத்தன்று நீர் உயிர் தப்பி என் வீட்டுக்கு ஓடிவந்ததாகவும், நான் உமது முகத்துக்கு நேரே கேற்றைச் சாத்தியதாகவும் மார்க்கெட் பக்கம் பேசிக்கொள்கிறார்களாம். நேற்றுப் பூசை முடிந்து வரும்போது தையற்காரி றம்லத் சொன்னாள். அது பிழை. அன்று மத்தியானமே கேற் பூட்டப்பட்டுவிட்டது. பூட்டியிருக்கும் கேற்றை யாராலும் சாத்த முடியாது. மேலும் அன்று நான் யாரையும் காணவில்லை. எந்தக் குரலும் என் காதில் விழவில்லை. இதை எழுத்தில் தருகிறேன். விரும்பினால் யாருக்கும் காட்டலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் கணவர் தியாகராஜா இருந்தபோதும், அவர் காலமான பிறகும், நீர் சனிக்கிழமை தோறும் வந்து எங்கள் மீன் தொட்டியைப் பார்த்துக் கொடுத்தீர். உமது வளர்ப்புமீன் கடை எரிந்தபின் கண்டியில் அந்த வேலை தெரிந்தவர் ஒருவரும் இல்லை. மடுல்கெல்லையில் அக்காவுடன் இருக்கிறீர் என்று விசாரித்து அறிந்துதான் இதை எழுதுகிறேன்.

தொட்டியில் இப்போது ஏழு மீன்கள் இருக்கின்றன. போன கிழமை ஒன்பது இருந்தன. எல்லாம் புலி மீன்கள்: மஞ்சள் உடம்பு, நான்கு கறுப்பு வரி. வெள்ளிக்கிழமை காலை ஒன்றின் வாலில் வெள்ளைப் புள்ளிகளைக் கண்டேன். ஞாயிறன்று எல்லாவற்றிலும் இருந்தது. உடம்பைக் கல்லில் உரசுகின்றன. சாப்பாடு போட்டால் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. மருந்துக்கடையில் கேட்டேன். மனிதருக்குக் கொடுக்கும் குளிசை ஒன்றைத் தந்து கரைக்கச் சொன்னார்கள். தண்ணீர் கலங்கியது, இரண்டு செத்தன. இனி ஊகத்தில் ஒன்றும் செய்வதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன்.

என்ன நோய், என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்று தெளிவாக எழுதவும்.

இங்ஙனம்,
திருமதி றீற்றா தியாகராஜா


ஐந்தாம் நம்பர் லயம், மடுல்கெல்ல
8 ஜூன் 1984

மதிப்புக்குரிய அம்மாவுக்கு ராஜலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

உங்கள் கடிதம் கிடைத்தது. கேட் விஷயமாக நான் யாரிடமும் ஒரு சொல் பேசவில்லை. பேசுகிறவர்கள் எப்படியும் பேசுவார்கள்.

நோயைப் பார்க்காமல் பெயர் சொல்லக்கூடாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் வெள்ளைப்புள்ளி நோய்தான். ஒன்று செய்யுங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். புள்ளி உப்புக்கல் மாதிரி தனித்தனியாகத் தெரிந்தால் அதேதான். மஞ்சள் மாவு தூவினது மாதிரித் தெரிந்தால் அது வேறு நோய், உடனே எழுதுங்கள். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறதா? அப்படியென்றால் செவுளிலும் பிடித்துவிட்டது, அவசரம். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினீர்களா? ஒரு நாள் வாளியில் வைத்துத்தான் ஊற்ற வேண்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நோய் பார்க்கிறவன் கட்டாயம் கேட்கிற கேள்வி இது. ஐயா காலத்தில் உங்கள் தொட்டியில் இந்த ஜாதி மீன் இல்லை. போன வருஷம் ஜூலை வரைக்கும் நான் வந்தபோதும் இல்லை. இவை எப்போது வந்தன, யாரிடமிருந்து வந்தன?

வைத்தியம் சொல்கிறேன். ஐயாவின் தொட்டி பத்து வாளி கொள்ளும். வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி கல்லுப்பு என்று கணக்கு வைத்து, பாதியை இன்றைக்கும் பாதியை நாளைக்கும் கரைத்து ஊற்றுங்கள். அலுமாரியில் ஐயாவின் கண்ணாடிக் குழாய் ஹீட்டர் இருக்கும். இரண்டு நாளில், கொஞ்சம் கொஞ்சமாக, எண்பத்தாறு டிகிரிக்குக் கொண்டுபோங்கள். கரண்ட் நின்றால் வெந்நீர் நிரப்பின போத்தலை மிதக்க விடுங்கள். சூட்டுத் தண்ணீரில் காற்றுக் குறையும், பம்பை நிறுத்தக்கூடாது. தினமும் அடியில் இருக்கிற கல்லைக் குழாயால் உறிஞ்சிச் சுத்தம் செய்து, எடுத்த தண்ணீருக்கு அளவாக உப்புப் போட்ட தண்ணீர் விடுங்கள். என்னிடம் கொஞ்சம் நீல மருந்து இருக்கிறது. கண்டிக்கு வரும் தேயிலை லொறியில் பொட்டலமாகக் கொடுத்தனுப்புகிறேன்.

முக்கியமானது இதுதான். அந்தப் புள்ளி ஒரு பூச்சி. மீனின் தோலுக்குள் இருக்கும்வரை அதை ஒரு மருந்தும் தொடாது. பழுத்ததும் உதிர்ந்து கல்லுக்குள் போய் ஒளியும். அங்கே நூற்றுக்கணக்கில் பெருகித் திரும்பவும் மீனைத் தேடி நீந்தி வரும். அப்போதுதான் மருந்து அதைக் கொல்லும். அதனால் மீன் உடம்பில் ஒரு புள்ளியும் இல்லாத நாள்தான் பயப்பட வேண்டிய நாள். அன்றைக்கு நிறுத்திவிடாதீர்கள். பதினாலு நாள் செய்யுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இங்கே லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்களின் கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். செல்லப்பா கிளாக்கர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருகிறார். உங்கள் கடிதத்தில் புலி என்ற இடத்தில் விரலை வைத்து, “இது என்னா?” என்று கேட்டார். இனிமேல் வரிமீன் என்று எழுதுங்கள் அம்மா. எனக்குப் புரியும்.

பணிவுடன்,
மு. ராஜலிங்கம்


அனிவத்தை, கண்டி
17 யூன் 1984

ராஜலிங்கம் அறிவது,

நீர் லொறியில் அனுப்பிய பொட்டலம் பழுதில்லாமல் வந்துசேர்ந்தது. சொன்ன அளவிலேயே பாவித்தேன். நான்காம் நாள் எல்லாம் தெளிந்துவிட்டது. தெளிந்த பிறகும் மருந்து கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, நிறுத்திவிட்டேன்.

இன்று காலை ஒரு புலி இறந்தது. வீட்டு வேலைக்கு நிற்கும் பேச்சியம்மா ரோசாச் செடியடியில் புதைத்தாள். மிஞ்சிய ஆறு புலிகளையும் முன் விறாந்தையிலிருந்து பின்னறைக்கு மாற்றியிருக்கிறேன். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்காமல் அமைதியாக இருக்கட்டும். அவற்றில் இரண்டின் நிலைமை மோசம். பொட்டலம் முடிந்துவிட்டது. அதே லொறியில் இன்னொன்று அனுப்பவும். இம்முறை கூடுதலாக அனுப்பவும்.

வேறு பெயர் வைத்து எழுதச் சொல்லியிருக்கிறீர். அது என்னால் முடியாது. நான் படித்த கன்னியர் மடத்தில் ஒரு பொருளுக்குப் பிழையான பெயர் எழுதினால் சிவப்பு மையால் அடிக்கோடிட்டுப் பத்துத்தரம் எழுதவைப்பார்கள். புலியைப் புலி என்றுதான் எழுதுவேன். யார் பிரித்து வாசித்தாலும் எனக்கு வெட்கமில்லை. பிறருடைய கடிதத்தைப் பிரிப்பவர்தான் வெட்கப்பட வேண்டும்.

எப்போது வந்தன, யாரிடமிருந்து வந்தன என்று கேட்டிருக்கிறீர். வைத்தியத்துக்கு அது அவசியமென்று நான் நினைக்கவில்லை. வந்தன, இப்போது என் பொறுப்பில் இருக்கின்றன. அவ்வளவு போதும்.

இங்ஙனம்,
திருமதி றீற்றா தியாகராஜா


மடுல்கெல்ல
23 ஜூன் 1984

அம்மாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். இதை ஆபீசில் போடவில்லை. கண்டிக்கு வருகிற ஒருவர் கையில் தருகிறேன்.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை ஆபீசுக்கு வந்திருக்கிறது. கிளாக்கர் ஆள் விட்டுக் கூப்பிட்டார். “என்னடாப்பா, ஆறு புலிய பின்னறையில வச்சிருக்காங்களாம். ரெண்டுக்கு ரொம்ப மோசமாம். லொறியில மருந்து வேணுமாம். ஒனக்கு எங்கருந்து இந்தச் சிநேகிதம்?” என்று சிரித்தார். அங்கே இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது மீன், என் பழைய கடையில் விற்கிற மீன் என்று சொன்னேன். “சரி, சரி” என்றார். ஆனால் கடிதத்தை அன்றைக்குத் தரவில்லை. மறுநாள்தான் தந்தார். இடையில் ஒரு நாள் அது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த நாளிலிருந்து அக்கா அங்கம்மா சாப்பிடவில்லை.

லொறிக்காரர் இனிமேல் ஒன்றும் வாங்கமாட்டேன் என்கிறார். அதனால் நீல மருந்து இல்லை. உப்பும் சூடும் போதும். பாதியில் நிறுத்தினதால்தான் திரும்பி வந்திருக்கிறது. முதல் நாளிலிருந்து ஆரம்பியுங்கள். பதினாலு நாள், ஒரு நாளும் குறையாமல்.

எப்போது வந்தது என்பது வைத்தியத்துக்கு வேண்டியதுதான் அம்மா. நானே சொல்கிறேன். அன்றைக்குக் கடைக்குத் தீ வைத்தபோது கைக்கு எட்டின தொட்டியில் வலையைப் போட்டேன். ஒன்பது வரிமீன் வந்தது. பையில் காற்றடைத்து முடிச்சுப் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எதற்கு எடுத்தேன் என்று இன்னும் தெரியவில்லை. உங்கள் கேட்டில் நின்று அம்மா, அம்மா என்று கூப்பிட்டேன். பிறகு பையைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போனேன்.

நீங்கள் வீட்டில் இல்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மீன் பையிலேயே செத்திருக்கும் என்றும் நினைத்திருந்தேன். ஒன்பது இருந்தது என்று நீங்கள் எழுதினபோதுதான் தெரிந்தது. உயிரோடு இருந்ததில் சந்தோஷம்.

கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுத வேண்டாம்.

ராஜலிங்கம்


அனிவத்தை, கண்டி
2 யூலை 1984

ராஜலிங்கம் அறிவது,

எழுத வேண்டாமென்று சொன்னீர். ஆனால் இது எழுதாமல் விடக்கூடியது அல்ல. உம்மைப் புதன்கிழமை பிடித்துச் சென்றதை அறிவேன். ஆகவே இதை அங்கம்மாவின் பெயருக்கு, ஒருவர் கையில் அனுப்புகிறேன். உம்மைப் பார்க்க விடும்போது அவர் வாசித்துக் காட்டட்டும்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் ஒருவர், சார்ஜன்ட் ஸெய்னுலாப்தீன் என்பவர், துவக்குகளுடன் இரண்டு பேர். கேற்றைத் திறக்கும்படி சொன்னார்கள். திறந்தேன். நேரே பின்னறைக்குப் போனார்கள். கதவைத் தள்ளும்போது ஒருவர் துவக்கை நீட்டியபடிதான் உள்ளே போனார். உள்ளே தொட்டியும் பம்பும் நாலு வெந்நீர்ப் போத்தல்களும் இருந்தன.

இன்ஸ்பெக்டர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரித்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று காத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. என் கடிதத்தின் சிங்கள மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு விரலால் எண்ணினார். ஆறு.

சார்ஜன்ட் தமிழில் கேட்டார்: “உம்மா, இது மீன்தானே? அப்ப ஒங்கட கடுதாசியில மீன் எண்ட சொல்லே இல்லையே, ஏன்?”

அப்படி இருக்காது என்றேன். அசல் கடிதத்தை என் கையில் தந்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தேன். இல்லை, ராஜலிங்கம். ஓரிடத்திலும் இல்லை. தொட்டி என்ற சொல்லும் இல்லை. என்னுடைய கையெழுத்து, ஒரு எழுத்துப்பிழையும் இல்லாத என்னுடைய கையெழுத்து. அதை அவர்களுடைய கண்ணால் இன்னொருதரம் வாசித்தேன்.

பிறகு, புதைத்தது யாரை என்று கேட்டார்கள். ரோசாச் செடியடியைத் தோண்டச் சொன்னார்கள். பேச்சியம்மா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, “நான் பொதச்ச எடம் எனக்குத் தெரியாதுங்களா? நீங்க தள்ளி நில்லுங்க, வேரு அறுந்துரும்” என்று அவர்களிடமே சொன்னாள். ஒரு நெருப்புப்பெட்டி வந்தது. இன்ஸ்பெக்டர் அதைத் தானே திறந்து பார்த்தார். ஊசி போல நாலு முள்ளும் கொஞ்சம் மண்ணும் இருந்தன. கைலேஞ்சியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மீன் விஷயம் அவர்களுக்கு விளங்கிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இப்போது கேள்வி வேறு. சென்ற வருடம் யூலை இருபத்தைந்தாம் திகதியே நீர் லொறி ஏறி வடக்கே பயிற்சிக்குப் போய்விட்டதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். இருபத்தாறாம் திகதி பின்னேரம் கண்டியில், என் கேற்றடியில் நின்றதாக நீர் சொல்லியிருக்கிறீர். உமது பெட்டியில் என் முதற் கடிதம் இருந்திருக்கிறது. யாரையும் காணவில்லை, எந்தக் குரலும் கேட்கவில்லை என்று நான் எழுத்தில் தந்த கடிதம். இன்ஸ்பெக்டர் அந்த வரியைக் காட்டி, “இது உண்மையா?” என்று கேட்டார்.

ஓம் என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. யோசித்து எழுத்தில் தருகிறேன் என்றேன். இதையும் உமக்கு மறைக்காமல் எழுதுகிறேன்.

ஜீப்பில் ஏறும்போது சார்ஜன்ட் திரும்பி வந்தார். “யோசிங்க உம்மா. ஆனா அந்தாளுக்கு அங்க யோசிக்க நேரமில்ல” என்றார்.

அவர் போனபின் கேற்றைப் பூட்டினேனா என்று நாலுதரம் போய்ப் பார்த்தேன்.

றீற்றா தியாகராஜா


அனிவத்தை, கண்டி
9 யூலை 1984

மதிப்புக்குரிய திரு. ராஜலிங்கம் அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமை பொலிஸ் நிலையத்துக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தேன். அதில் இருப்பதை நீங்கள் பிறர் சொல்லிக் கேட்கக்கூடாது. ஆகவே நானே எழுதுகிறேன்.

1983 யூலை இருபத்தாறு, செவ்வாய்க்கிழமை, பின்னேரம் நாலு இருபது. மாடிப்படி ஜன்னலின் திரைக்குப் பின்னால் நான் நின்றேன். நகரத்துப் பக்கம் புகை. நீங்கள் கேற்றடிக்கு வந்தீர்கள். நீலச் சட்டை, இடது கை கிழிந்திருந்தது. கையில் தண்ணீர்ப் பை. இரண்டுதரம் அம்மா என்று கூப்பிட்டீர்கள். இரண்டாவது தரம் சத்தமாக இல்லை. எதிர் மதிலடியில் இரண்டு பேர் தடிகளுடன் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் அவர்களைக் கண்டீர்களோ தெரியாது. பையைக் கேற்றில் மாட்டிவிட்டு மேல் ஒழுங்கையால் போனீர்கள்.

நேரத்தை நாலரை என்று எழுதியிருந்தார்கள். நாலு இருபது என்று திருத்தச் செய்தேன். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

ஏன் திறக்கவில்லை என்று கேட்டார்கள். முன்வீட்டுச் சிங்களக் குடும்பம், எங்கள் வீட்டில் யாருமில்லை என்று அன்று வந்தவர்களிடம் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தது. கேற் திறந்தால் அந்தச் சொல் பொய்யாகிவிடும். எனக்கும் பேச்சியம்மாவுக்கும் அவர்களுக்கும் ஆபத்து. இந்தக் காரணத்தைச் சொன்னேன். சார்ஜன்ட் எழுதிக்கொண்டார். எழுதியதை வாசித்துக் காட்டியபோது அது மிகவும் நன்றாக இருந்தது. அதனால் அடியில் இன்னொரு வரி சேர்க்கச் சொன்னேன்: “எனக்குப் பயமாக இருந்தது, திறக்கவில்லை.”

இன்னும் ஒன்றையும் சொல்லவேண்டியிருந்தது. ஐந்து மணிக்கு எதிர் மதிலடியில் யாருமில்லை. பேச்சியம்மாவும் நானும் கேற்றடிக்குப் போனோம். கேற்றின் மேலால் குடையின் வளைந்த பிடியை நீட்டி, பையைக் கொழுவித் தூக்கி எடுத்தோம். பைக்காகக் கேற்றைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. உங்களுக்காகத் திறக்க வேண்டியிருந்தது. 

முதற் கடிதத்தில் எழுதியது பொய் என்று ஒப்புக்கொண்டேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் நானே எழுதிக் கையொப்பமிட்டேன். சிங்களப் பிரதியை வாசித்துக் கேட்டுப் பெருவிரல் ரேகை வைத்தேன். இன்ஸ்பெக்டர் மூன்றையும் மடித்து மேசை லாச்சியில் போட்டார். எப்போது விடுவீர்கள் என்று கேட்டேன். அவர் லாச்சியைப் பூட்டினார். நாளை திரும்பவும் போவேன். பதில் கிடைக்கும்வரை போவேன். றம்லத்துக்கும் சொல்லிவிட்டேன். மார்க்கெட்டில் பேசுவது சரிதான், சாத்தவில்லை, திறக்கவில்லை என்று.

தொட்டியைப் பற்றி: நீங்கள் சொன்னபடி முதல் நாளிலிருந்து ஆரம்பித்தேன். உப்பு, எண்பத்தாறு டிகிரி, தினமும் கல் சுத்தம். மின்சாரம் நின்ற இரண்டு நாளும் போத்தல்களை மாற்றிக்கொண்டே இருந்தோம். ஒன்றும் சாகவில்லை. ஆறு வரிமீன்களும் இருக்கின்றன. இன்றோடு பதினாலு நாள் முடிகிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். உடம்பில் ஒரு புள்ளியும் இல்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது.

இத்துடன் வெள்ளைத்தாள் இரண்டும், என் விலாசம் எழுதி முத்திரை ஒட்டிய உறையொன்றும் வைத்திருக்கிறேன். ஒரு பென்சிலையும் அங்கம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். பிறர் வாயால் சொல்லியனுப்பினால் நான் நம்பமாட்டேன். எனக்கு உங்கள் கையெழுத்துத் தெரியும்.

உப்பை இன்று நிறுத்தலாமா, இன்னும் தொடர வேண்டுமா? உங்கள் கையால், எழுத்தில் பதில் தரவும்.

றீற்றா தியாகராஜா